டிவினிட்டி ஒரிஜினல் சின் 2: தனியாகவும் ஜோடியாகவும் ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபோர்ட் ஜாய் தீவின் கடற்கரையில் மூன்று முதலைகள் படுத்திருக்கும். முதல் தடவை ஆடியபோது அந்த மூன்றிடமும் நான் நான்கு முறை செத்தேன். ஐந்தாவது முறை தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, நீ நாலு பேரை வெச்சு நாலு முதலையை அடிக்கிற மாதிரி அடிக்கிற. இருக்கறது மூணுதானே?" என்றான். நான்கு பேரும் ஆளுக்கொரு திசையில் அடித்துக்கொண்டிருந்தோம். எந்த முதலையும் விழவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் மூன்றும் திருப்பிக் கடித்தன. நால்வரும் சேர்ந்து ஒன்றை விழவைத்ததும் சண்டை பாதியானது. அன்று புரிந்ததுதான் இந்த வழிகாட்டி முழுக்க வரப்போகிறது: இந்த ஆட்டத்தில் வெற்றி என்பது எதிரியின் டர்னை, அதாவது அவன் ஆடும் முறையைப் பறிப்பது.

பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் ஸ்டூடியோஸ் இந்த ஆட்டத்தை 2017 செப்டம்பரில் கணினிக்கு வெளியிட்டது. 2018இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற திருத்திய பதிப்பு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் வந்தது. 2019இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும். பின்னாளில் பால்டர்ஸ் கேட் 3 செய்தவர்களும் இவர்களே. அதை ஆடிவிட்டு இங்கே வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முகங்கள் பழகியதுபோல் இருந்தாலும் சண்டையின் கணக்கு வேறு. பகடை உருட்டல் இங்கே கிடையாது. பெரும்பாலான அடிகள் படும், ஆனால் அவை முதலில் ஆர்மரை, அதாவது கவசத்தைத்தான் தின்னும்.

முதல் படி: எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள்

குழுவில் அதிகபட்சம் நான்கு பேர். தனியாக ஆடினால் நால்வரையும் நீங்களே இயக்கலாம். இருவர் ஆடினால் ஆளுக்கு இரண்டு கேரக்டர், அல்லது ஆளுக்கு ஒன்றே ஒன்று. இந்த இரண்டாவது வழிக்காகவே லோன் உல்ஃப் என்ற திறமை இருக்கிறது.

சாதாரணமாக ஒரு கேரக்டருக்கு ஒரு டர்னில் 4 ஆக்‌ஷன் பாயின்ட் கிடைக்கும். நடப்பதற்கும் அடிப்பதற்கும் செலவாவது இதுதான். செலவழிக்காததைச் சேர்த்துவைத்தால் 6 வரை போகலாம். லோன் உல்ஃப் எடுத்தவருக்கு ஒரு டர்னில் 6, சேமித்தால் 8. உயிரும் இரண்டு வகை ஆர்மரும் 30 சதவீதம் கூடும். பண்புகளில் போடும் புள்ளி ஒன்றுக்கு இரண்டாகக் கணக்காகும், 40 என்ற உச்சம்வரை. பாலிமார்ஃப் என்ற உருமாற்றத் திறன் தவிர்த்த சண்டைத் திறன்களும் அப்படியே, 10 வரை. ஒரே நிபந்தனை, குழுவில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஜோடியாகப் போகிறவர்கள் இருவருமே தொடக்கத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவர் பின்தங்கிப் போவார்.

என் அபிப்பிராயம்: முதல் தடவை தனியாக ஆடுகிறீர்கள் என்றால் நால்வர் குழுவோடு போங்கள். துணைக்கு வருபவர்களின் கதைதான் இந்த ஆட்டத்தின் உயிர். இருவராக ஆடினால் லோன் உல்ஃப் எடுங்கள். ஆளுக்கு இரண்டு கேரக்டர் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் காத்திருப்பு நீளும்; பை நிறைய சாமான் பிரித்துக் கொடுக்கவே அரை மணி நேரம் போகும். ஒரே கேரக்டர் என்றால் அவரை நீங்கள் உண்மையிலேயே நேசிக்கத் தொடங்குவீர்கள்.

கடின நிலையைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டாம். கதைதான் முக்கியம் என்றால் எக்ஸ்ப்ளோரர், சண்டையும் வேண்டும் என்றால் கிளாசிக். டாக்டீஷியன் இரண்டாவது தடவைக்கு. ஹானர் முறையில் ஒரே ஒரு சேவ்தான், குழு முழுதும் செத்தால் அதுவும் அழிந்துவிடும்; அதை முதல் தடவை தொடவே தொடாதீர்கள்.

இரண்டாம் படி: ஆள் தேர்வு

சொந்தமாக ஒரு கேரக்டரை உருவாக்கலாம், அல்லது கதையோடு வரும் ஆறு பேரில் ஒருவராக ஆடலாம்: இஃபான், லோசே, ரெட் பிரின்ஸ், செபில், பீஸ்ட், ஃபேன். ஆறு பேரில் ஒருவரையே எடுங்கள். உருவாக்கும் கேரக்டருக்கு முகம் அழகாக அமையலாம், ஆனால் லோசேயின் தலைக்குள் இன்னொன்று பேசுவதுபோல் அதற்கு ஒன்றும் நடக்காது.

நீங்கள் எடுக்காதவர்களை வழியில் துணையாகச் சேர்க்கலாம். சேர்க்கும்போது அவர்கள் எந்த வகை வீரராக வர வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். ஆகவே கதை பிடித்த ஆளைச் சேருங்கள். அவர் வில் வைத்திருக்கிறாரா கோல் வைத்திருக்கிறாரா என்று பார்த்து ஒதுக்காதீர்கள்.

இனத்துக்கும் பயன் உண்டு. பல்லி இனத்தவர் மண்வெட்டி இல்லாமலே மண்ணைத் தோண்டுவார்கள். எல்ஃப் இனத்தவர் பிணத்தின் உறுப்பைத் தின்றால் இறந்தவரின் நினைவு கண்முன் வரும். சில ரகசியங்கள் அப்படித்தான் தெரியும். ஃபேன் எலும்புக்கூடு. விஷம் அவருக்கு மருந்து, குணமாக்கும் மந்திரம் அவரைக் காயப்படுத்தும். எலும்பு விரலாலேயே பூட்டைத் திறப்பார், ஆனால் முகத்தை மூடாமல் ஊருக்குள் நடந்தால் மக்கள் அலறி ஓடுவார்கள், அல்லது வாளை உருவுவார்கள். முதல் தடவைக்கு அவர் கொஞ்சம் சிரமம். இரண்டாவது தடவைக்கு அவரைவிடச் சிறந்தவர் இல்லை.

மூன்றாம் படி: இரண்டு ஆர்மரையும் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மற்றதெல்லாம் ஆடி ஆடித் தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் உயிரின் பட்டையோடு இன்னும் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று ஃபிசிக்கல் ஆர்மர், மற்றொன்று மேஜிக் ஆர்மர். வாள், அம்பு, குத்துவாள் எல்லாம் முதல் பட்டையைக் குறைக்கும். நெருப்பு, மின்னல், நீர், விஷம் எல்லாம் இரண்டாவதைக் குறைக்கும். பட்டை தீர்ந்த பிறகே உயிரில் கை வைக்க முடியும்.

இதன் இன்னொரு பக்கம்தான் முக்கியம். எதிரியை முடக்கும் நிலைகளையும் இந்தப் பட்டைகளே தடுக்கின்றன. கீழே விழவைப்பது, கோழியாக மாற்றுவது ஆகியவற்றை ஃபிசிக்கல் ஆர்மர் தடுக்கும். உறைய வைப்பது, மின்னலால் திகைக்க வைப்பது, கல்லாக்குவது, வசியம் செய்வது ஆகியவற்றை மேஜிக் ஆர்மர் தடுக்கும். பட்டையில் ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தாலும் முடக்கம் பலிக்காது. பட்டை காலியானால் கட்டாயம் பலிக்கும்.

முடங்கிய எதிரி தன் டர்னை இழக்கிறான். அவன் செத்தாலும் உறைந்து நின்றாலும் அந்தச் சுற்றில் உங்களுக்கு ஒன்றுதான். ஆகவே ஒரு டர்னில் செய்ய வேண்டிய வேலை எளிது: ஒருவனைத் தேர்ந்தெடு, அவனிடம் எந்தப் பட்டை சிறியதோ அதை உடை, உடனே முடக்கு, அடுத்தவனிடம் போ. முடங்கியவனை அதே சுற்றில் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அவனால் இப்போது ஒன்றும் செய்ய முடியாது. அவனை விட்டுவிட்டு, செய்யக்கூடியவனைக் கவனியுங்கள்.

குழுவில் ஒருவர் வாள், ஒருவர் தீ, ஒருவர் வில், ஒருவர் மின்னல் என்று கலந்து வைத்தால் எல்லோரும் உழைப்பார்கள், எந்தப் பட்டையும் சீக்கிரம் உடையாது. இதற்கு இரண்டு வழி. நால்வர் குழுவில் இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்று பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி இலக்கு கொடுக்கலாம். லோன் உல்ஃப் ஜோடி என்றால் இருவரும் ஒரே பக்கம் நிற்பதே நல்லது. இருவரும் வாளும் வில்லுமாக ஃபிசிக்கலில் போனால் முதல் தடவைக்கு மிகவும் சுலபம்.

நான்காம் படி: புள்ளிகளை எங்கே போடுவது

வார்ஃபேர் என்ற திறன் வாள்வீரனுக்கு மட்டும் என்று பெயரைப் பார்த்து நினைத்துவிடாதீர்கள். ஒரு புள்ளிக்கு 5 சதவீதம் வீதம் எல்லா ஃபிசிக்கல் அடியையும் அது கூட்டும். வில்லாளிக்கும் குத்துவாள் பிடிப்பவருக்கும் பிண மந்திரம் செய்யும் நெக்ரோமான்சருக்கும்கூட முதலில் அதையே ஏற்றலாம். வில்லாளிக்குரிய ஹன்ட்ஸ்மேனோ குத்துவாளுக்குரிய ஸ்கவுண்ட்ரலோ, உங்களுக்கு வேண்டிய வித்தைகளைக் கற்கத் தேவையான அளவு மட்டும் போடுங்கள்.

பண்புகளில் ஆயுதத்துக்குரியதை முதலில் ஏற்றுங்கள்: வாளுக்கும் கோடரிக்கும் ஸ்ட்ரெங்த், வில்லுக்கும் குத்துவாளுக்கும் ஃபினெஸ், மந்திரத்துக்கு இன்டெலிஜென்ஸ். வித்தைகளை நினைவில் வைக்க இடம் போதாதபோது மெமரியில் ஒன்றிரண்டு. கான்ஸ்டிட்யூஷனில் கொட்டாதீர்கள், உயிரைப் பெருக்கினால் முடக்கம் நிற்காது.

விட்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுதான் யார் முதலில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும். ஆனால் இந்த ஆட்டத்தில் டர்ன் இரு அணிக்கும் மாறி மாறி வரும்: நம்மில் ஒருவர், அவர்களில் ஒருவர், மறுபடி நம்மில் ஒருவர். ஆகவே எல்லோரும் விட்ஸில் போடத் தேவையில்லை. ஒருவரை மட்டும் வேகமானவராக வளர்த்தால் போதும், முதல் டர்ன் நம்முடையது.

வித்தைகளில் எல்லோருக்கும் தேவைப்படுவது ஓர் இடம்மாறும் வித்தை. டாக்டிகல் ரிட்ரீட், ஃபீனிக்ஸ் டைவ், க்ளோக் அண்ட் டேகர், எதுவாயினும் ஒன்று இருக்கட்டும். அப்புறம் அட்ரினலின்: இப்போது 2 ஆக்‌ஷன் பாயின்ட் தரும், அடுத்த டர்னில் 2 எடுத்துக்கொள்ளும். இந்த டர்னிலேயே ஒருவனை முடக்கிவிட முடியும் என்றால் அந்தக் கடன் லாபம்.

லோன் உல்ஃபில் சம்மனிங் (துணை உயிரை வரவழைக்கும் திறன்) எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புள்ளி இரட்டிப்பாவதால் ஐந்தே புள்ளியில் 10 வந்துவிடும், அப்போது நீங்கள் வரவழைக்கும் இன்கார்னேட் என்ற துணை உயிர் பெரிய வடிவம் எடுக்கும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மூன்றாவது ஆள் கிடைத்ததுபோல்.

சண்டை சாராத திறன்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திருட்டு ஒருவருக்கு, பேச்சு ஒருவருக்கு, பொருளை அடையாளம் காண்பது இன்னொருவருக்கு. பெட் பால் என்ற திறமையை யாராவது ஒருவர் எடுத்தே ஆக வேண்டும். விலங்குகளோடு பேசும் திறமை அது. இந்த உலகின் எலிகளுக்கும் நாய்களுக்கும் மனிதர்களைவிட நல்ல வசனங்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: முதல் சில மணி நேரம்

ஆட்டம் மெரிவெதர் என்ற கப்பலில் தொடங்கும். அங்கே பெட்-ரோல் (bedroll) என்ற சுருட்டி வைக்கும் படுக்கை கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை முடிந்ததும் ஆர்மர் தானாக நிரம்பும், உயிர் நிரம்பாது. படுக்கையைச் சொடுக்கினால் நிரம்பும். மருந்துப் புட்டிகளை அதற்காக வீணாக்க வேண்டாம்.

ஃபோர்ட் ஜாயில் கரையேறியதும் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள். முகாமில் எல்லோரிடமும் பேசுங்கள், மூலை முடுக்கெல்லாம் பாருங்கள், துணைக்கு ஆள் சேருங்கள். அலைவதற்கும் பேசித் தீர்ப்பதற்கும்கூட அனுபவப் புள்ளி உண்டு. எதிரியின் மேல் சுட்டியை வைத்தால் அவன் லெவல் தெரியும். ஒரு லெவல் வித்தியாசமே இங்கே பெரிய வித்தியாசம். உங்களைவிட இரண்டு லெவல் மேலே இருப்பவனை விட்டு விலகுங்கள், பிறகு வரலாம்.

கொஞ்சம் வளர்ந்ததும் அந்தக் கடற்கரை முதலைகளிடம் போங்கள். அவற்றில் ஒன்றிடம் டெலிபோர்ட்டேஷன் கையுறை இருக்கிறது. அதை அணிந்தவர் எதிரியையோ நண்பரையோ தூக்கி வேறு இடத்தில் போடலாம். இதைவிடப் பெரிய பரிசு முதல் அத்தியாயத்தில் இல்லை என்பேன். மேட்டில் நிற்கும் வில்லாளியை உங்கள் வாள்வீரன் காலடியில் போடலாம். நெருங்கி வந்த தடியனைத் தூக்கி எட்டத்தில் எறிந்தால், திரும்பி நடந்து வரவே அவன் டர்ன் தீரும். அதுவும் டர்னைப் பறிப்பதுதான். கதவே இல்லாத இடத்துக்கும் இதைக்கொண்டு ஒருவரையொருவர் தூக்கிப் போட்டுப் போகலாம்.

முகாமுக்கு அடியில் ஓர் அரங்கம் உண்டு. அங்கே ஜெயித்தால் கழுத்தில் மாட்டியிருக்கும் காலரைக் கழற்ற வழி பிறக்கும். தீவை விட்டு வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது. எது என்று சொல்லி உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன்.

ஒவ்வொரு முறை லெவல் ஏறியதும் வியாபாரிகளிடம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள், சரக்கு மாறியிருக்கும். முதலில் ஆயுதம், பிறகு ஆர்மர். மூன்று லெவல் பழைய வாள் பெயரளவில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை விற்றுவிடுங்கள். திருடுபவருக்கு ஒன்று: ஒரு கேரக்டர் ஒருவரிடம் ஒரே ஒரு தடவைதான் திருட முடியும். அவசரப்பட்டு உருளைக்கிழங்கு எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: சண்டை தொடங்கும் முன்

பெரும்பாலான சண்டைகள் பேச்சில் தொடங்குகின்றன. பேசப் போகும்போது எல்லோரும் கும்பலாகப் பின்னால் போக வேண்டியதில்லை. திரை ஓரத்தில் இருக்கும் குழுவினரின் முகப்படங்களைப் பிரித்து இழுத்தால் அவர்களைச் சேர்த்திருக்கும் சங்கிலி கழன்றுவிடும். பேசுபவரை மட்டும் அனுப்புங்கள். வில்லாளியை மேட்டில் ஏற்றுங்கள். உயரத்திலிருந்து எய்தால் அடி கூடும், பள்ளத்திலிருந்து மேலே எய்தால் குறையும். தூரத்தில் நிற்பவர்கள் சண்டைக்குள் இழுக்கப்பட மாட்டார்கள். வேண்டிய நேரத்தில் நுழையலாம்.

எண்ணெய்ப் பீப்பாயையும் விஷப் பீப்பாயையும் கண்டால் அவை கிடக்கும் இடம்தான் அவற்றின் இடம் என்று நினைக்காதீர்கள். முன்கூட்டியே நகர்த்தி, எதிரிகள் நிற்கும் இடத்தருகே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். நான் இதை ஏமாற்று வேலை என்று முதலில் தயங்கினேன். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் விரும்பியதே இதைத்தான் என்று பிறகு புரிந்தது.

ஏழாம் படி: தரையைப் பாருங்கள்

எண்ணெயில் தீ பற்றும். விஷத்திலும் பற்றும். நீரில் மின்னல் பாயும், இரத்தத்திலும் பாயும். நெருப்பில் நீர் பட்டால் நீராவி, அந்த நீராவியிலும் மின்னல் ஏறும். நனைந்தவன் சீக்கிரம் உறைவான். மழை வரவழைக்கும் வித்தை பார்க்க ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும், ஆனால் அடுத்து வரும் மின்னலுக்கு அது மேடை போட்டுத் தருகிறது.

தரை நண்பன் யார் என்று பார்க்காது. உங்கள் நெருப்பில் உங்கள் ஆளும் வேகுவார். பனியில் நடந்தால் வழுக்கி விழுவார். அதனால் ஒவ்வொரு டர்னிலும் அடிக்கும் முன் ஒரு கணம் யார் எதன் மேல் நிற்கிறார் என்று பாருங்கள்.

சபிக்கப்பட்ட நெருப்பு ஒன்று உண்டு, நெக்ரோஃபயர். சாதாரண மழைக்கு அது அணையாது. இரண்டாம் அத்தியாயத்தில் பிளாக்பிட்ஸ் என்ற எண்ணெய் வயலில் ஒரு சண்டை வரும். திரை முழுக்க எரியும். அங்கே போகும் முன் சாபத்தை நீக்கும் பிளெஸ் வித்தையைக் கற்றிருங்கள், எல்லோரிடமும் இடம்மாறும் வித்தை இருக்கிறதா என்று சரிபாருங்கள். சேவ் செய்யாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டர்னைத் தள்ளிப்போடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. எதிரி நெருங்கி வரட்டும் என்று காத்திருந்து சுற்றின் கடைசியில் ஆடலாம். நடப்பதற்கு அவன் பாயின்ட் செலவழிப்பான், நீங்கள் செலவழிக்க வேண்டாம்.

எட்டாம் படி: இருவராக ஆடும்போது

ஒரே திரையில் ஆட இரண்டு கன்ட்ரோலர் வேண்டும். இருவரும் அருகில் இருந்தால் திரை ஒன்றாக இருக்கும், பிரிந்து போனால் தானாக இரண்டாகும். இணையத்தில் ஆடினால் யார் ஆட்டத்தைத் தொடங்குகிறாரோ அவரிடம்தான் சேவ் இருக்கும். அடிக்கடி நேரம் கிடைப்பவரைவிட, இருவரும் கூடும்போது தவறாமல் வருபவர் தொடங்குவது நல்லது.

பேச்சு விஷயத்தில் முன்பே ஓர் ஒப்பந்தம் செய்யுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அருகில் வந்து கேட்கலாம், ஆனால் பதில் சொல்வது தொடங்கியவர்தான். முக்கியமான ஆளிடம் பேசும் முன் கூட்டாளியைக் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் பேசி ஒரு நல்ல கிழவரைச் சண்டையில் இழந்துவிட்டு, தம்பிக்கு நடந்ததை விளக்க நான் பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதேநேரம் பேச்சு நடக்கும்போது மற்றவரின் உலகம் நின்றுவிடாது. ஒருவர் காவலரிடம் பேச்சுக் கொடுக்க, மற்றவர் அவர் முதுகுப் பக்கம் நின்று பையைத் துழாவலாம். இருவராக ஆடுவதன் தனி ருசி இது.

சண்டையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். "நான் இப்போ தீ வைக்கப் போறேன், நீ கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா" என்று தம்பி சொல்லத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் ஒருவரையொருவர் எரிப்பது நின்றது. எங்கள் பழக்கம் இது: டர்ன் தொடங்கும் முன் இலக்கின் பெயர், எந்தப் பட்டை, முடக்கப் போவது யார். மூன்றே சொல். வேகமானவர் பட்டையை உடைப்பார், பின்னால் வருபவர் முடக்குவார்.

இருவரும் வெவ்வேறு கதை மாந்தரை எடுத்திருந்தால் சில இடங்களில் இருவருக்கும் வேண்டியது ஒன்றாக இருக்காது. ஆட்டமே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் காப்பாற்ற நினைப்பவரை மற்றவர் கொல்ல நினைக்கலாம். சிலர் இந்தப் போட்டியை ரசிப்பார்கள், சிலர் வருந்துவார்கள். உங்கள் கூட்டாளி எந்த வகை என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: கப்பல் ஏறிய பிறகு

முதல் அத்தியாயத்தின் முடிவில் லேடி வெஞ்சன்ஸ் என்ற கப்பல் கிடைக்கும். அதில் ஏறிக் கிளம்பும் முன் குழுவில் யார் யார் என்று உறுதிசெய்யுங்கள். அந்த நேரத்தில் குழுவில் இல்லாத துணைவர்களைப் பிறகு திரும்பப் பெற முடியாது. லோன் உல்ஃப் ஜோடிக்கு மனம் கனக்கும் இடம் இது; அந்த நால்வரோடும் அதற்கு முன்பே நன்றாகப் பேசிவிடுங்கள்.

கப்பலில் ஒரு மாயக்கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நின்றால் பண்பு, திறன், திறமை எல்லாவற்றையும் இலவசமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். இதுவரை தவறான இடத்தில் புள்ளி போட்டிருந்தால் கவலையே வேண்டாம். நான் இருவர் ஆட்டத்தில் மந்திரவாதியாகத் தொடங்கி, தம்பியின் வாளோடு பட்டை ஒத்துப்போகாமல் தவித்து, இந்தக் கண்ணாடியில்தான் வில்லாளியானேன். அடுத்து ரீப்பர்ஸ் கோஸ்டின் டிரிஃப்ட்வுட் ஊரில் கரையிறங்கியபோது எங்கள் முதல் சண்டை இரண்டே சுற்றில் முடிந்தது. எதிரிகளில் ஒருவனுக்குக்கூட டர்ன் வரவில்லை.